புனோம் பென்னின் ஆடற்பள்ளியும் சிறைக்கூடமும்

கம்போடியாவின் தலைநகரான புனோம் பென்னில் கலையின் வரலாற்றையும் நினைவேந்தலின் வரலாற்றையும் தனித்தனியே எழுத இயலாது. மீகாங், தோன்லே சாப், பாசாக் ஆகிய ஆறுகள் கூடிப் பிரியும் கரையில் அரண்மனையும், அதன் வடபுறத்தில் செந்நிறத் தேசிய அருங்காட்சியகமும், அதை ஒட்டி நுண்கலைப் பல்கலைக்கழகமும் அடுத்தடுத்து அமைந்திருக்க, அங்கிருந்து தென்மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில், உயர்நிலைப் பள்ளியாகக் கட்டப்பட்டுப் பின்னர்ச் சித்திரவதைச் சிறையாக்கப்பட்ட துவோல் சிலெங் கட்டடங்கள் நிற்கின்றன. 1975 ஏப்ரல் முதல் 1979 சனவரி வரை நாட்டை ஆண்ட கெமர் ரூஜ் இயக்கம், அதாவது போல் பாட் தலைமையிலான கம்போடியப் பொதுவுடைமைக் கட்சி, கலைக்கூடங்களை மூடிவிட்டு அந்தப் பள்ளியைக் கைதிகளால் நிரப்பியது. சிறையை நடத்தியவர்கள் ஒவ்வொரு கைதியையும் படமெடுத்து, வாக்குமூலம் எழுதி வாங்கி, பட்டியலிட்டுக் கோப்பில் சேர்த்தார்கள். அரண்மனை ஆடலை வளர்த்தவர்களோ தங்கள் கலையைப் பெரும்பாலும் எழுத்தில் வைக்காமல் ஆசிரியரின் உடலிலிருந்து மாணவியின் உடலுக்கே கொடுத்துவந்தார்கள். ஆகவே ஆட்சி வீழ்ந்தபோது மரணத்தின் சான்று கட்டுக்கட்டாகக் காகிதத்தில் கிடைத்தது. கலையின் சான்று உயிர் பிழைத்த ஒரு சிலரின் கைகால்களில் மட்டுமே எஞ்சியிருந்தது. அந்நகரம் இறந்தவர்களை நினைக்கும் முறையின் பெரும்பகுதி இந்த ஏற்றத்தாழ்விலிருந்தே பிறந்தது.

புனோம் பென் நெடுங்காலத் தலைநகரம் அன்று. 1863-இல் பிரான்சின் பாதுகாப்பை ஏற்றுக்கொண்ட மன்னர் நொரோடோம், சில ஆண்டுகளுக்குள் உடோங் நகரிலிருந்த தம் அவையை ஆற்றங்கரைக்கு மாற்றினார். அவையோடு ஆடல் மகளிரும் வந்தனர். அவர்களுடைய கலை அங்கோர் காலத்திலிருந்து இடையறாமல் வந்தது என்று பிரெஞ்சுக்காரர்கள் எழுதத் தொடங்கினர் என்றாலும், வரலாறு அவ்வளவு நேர்கோட்டில் செல்லவில்லை. நொரோடோமின் தந்தையான ஆங் டுவோங் இளமையின் பெரும்பகுதியைப் பாங்காக்கில் கழித்தவர். ஆடலின் உடையையும் அணிகளையும் அவர் திருத்தியமைத்தபோது சயாம் அவையின் சாயல் அதில் சேர்ந்தது. அங்கோரின் கற்சுவர்களில் காணப்படும் அரம்பையரின் நினைவு, சயாமிலிருந்து திரும்பி வந்த நடைமுறை, உள்ளூர் மக்களின் ஆவி வழிபாடு ஆகியவை கலந்து உருவானதே அரண்மனை ஆடல். இந்தக் கலப்பைச் சொல்வது கலையின் மதிப்பைக் குறைப்பதாகாது. ஒருமுறை சிதறியும் மீண்டும் கட்டப்பட்ட வரலாறு அதற்கு ஏற்கெனவே இருந்தது என்பதே இதனால் விளங்கும்.

அக்கலையின் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்த்தால்தான் பின்னர் அழிந்தது எது என்பது புரியும். ஆடுவோர் நால்வகைப் பாத்திரங்களாகப் பிரிக்கப்படுகின்றனர்: பெண் பாத்திரமான நியாங், ஆண் பாத்திரமான நியே ரோங், அரக்கரான யெயாக், குரங்கான சுவா. சிறுமி ஒருத்தி ஆறு ஏழு வயதில் பயிற்சிக்கு வரும்போதே அவளுடைய முகவெட்டையும் உடல்வாகையும் பார்த்து, இவற்றில் ஒன்றுக்கென அவளைத் தேர்ந்துவிடுவார்கள். பெரும்பாலும் அதுவே அவளுடைய வாழ்நாள் பாத்திரமாகிவிடும். காலை நேரத்தில் தரையில் அமர்ந்து, விரல்களைப் புறங்கைப் பக்கமாக வளைத்து அழுத்திப் பிடித்தும், முழங்கையை இயல்புக்கு மாறாக உட்புறம் மடக்கியும், முதுகை வில்லாக நிமிர்த்தியும் உடலைப் பதப்படுத்துவதே தொடக்கக் கல்வி. ஆசிரியை பின்னால் நின்று, தம் முழங்காலை மாணவியின் முதுகில் ஊன்றித் தோள்களைப் பிடித்து இழுத்து, நிலை சரியாக விழும்வரை விடமாட்டார். கதைப் பாடலைத் தனியே ஒரு குழு பாட, ஆடுபவள் வாய் திறவாமல் கையின் முத்திரைகளால் பொருளுரைப்பாள். ரொனீயாட் எனப்படும் மரக்கட்டை இசைக்கருவி, வட்டமாக அடுக்கிய கிண்ண மணிகள், சிராலாய் என்னும் ஊதுகுழல், இருபுறமும் கையால் அடிக்கும் சம்போ முழவு ஆகியவை சேர்ந்த பின்பீயாட் இசைக்குழு உடன் வாசிக்கும். சம்போ முழவே தாளத்தை நடத்துவதால் அதனை ஆசானாகவே மதித்து வணங்குவர். ஆசிரியர்களுக்கும் அவர்களுக்கு முன்னிருந்த ஆசான்களின் ஆவிகளுக்கும் செய்யும் சம்பியா குரு என்னும் வணக்கச் சடங்கு, குருவுக்குரிய வியாழக்கிழமையிலேயே நடைபெறுகிறது. அரங்கேறும் நாளில் பட்டாடையையும் சரிகை மேலாடையையும் ஆடுபவளின் உடல்மீதே வைத்து ஊசிநூலால் தைத்து, ஆட்டம் முடிந்தபின் நூலை வெட்டி எடுப்பார்கள். கதைகளுள் முதன்மையானது கெமர் மொழியின் இராமகாதையான ரீம்கெர். கடலில் அணை கட்டும்போது அனுமன் பொன்மீன் இளவரசியான சொவான் மச்சாவிடம் மனம் பறிகொடுக்கும் பகுதி, கம்பனைப் படித்தவர்களுக்குப் புதியதாகத் தோன்றினும், அங்கே மிகவும் விரும்பி ஆடப்படுகிறது.

1906-இல் மன்னர் சிசோவாத், மார்செய் நகரில் நடந்த குடியேற்ற நாடுகளின் கண்காட்சிக்காகத் தம் ஆடல் மகளிரை அழைத்துக்கொண்டு பிரான்சுக்குச் சென்றார். பாரிசில் அவர்களைக் கண்ட சிற்பி ரொதான், அவர்களைத் தொடர்ந்து மார்செய்க்கே சென்று ஏறத்தாழ 150 ஓவியங்களை வரைந்தார். ஐரோப்பாவின் பாராட்டு இவ்வாறு வந்து சேர்ந்தபோதே, அக்கலை அழிந்துகொண்டிருக்கிறது, பிரான்சுதான் காப்பாற்ற வேண்டும் என்னும் குரலும் உடன் எழுந்தது. புனோம் பென்னிலேயே 1887-இல் பிறந்த பிரெஞ்சுக்காரரான ஜார்ஜ் குரோலியே அக்குரலின் வலிமையான பிரதிநிதி. 1913-இல் கம்போடிய ஆடல் மகளிரைப் பற்றி நூல் வெளியிட்ட அவர், 1910-களின் இறுதியில் கம்போடியக் கலைப்பள்ளியைத் தொடங்கினார். அதனோடு இணைந்த, இன்றைய தேசிய அருங்காட்சியகம் 1920 ஏப்ரலில், கெமர்ப் புத்தாண்டையொட்டித் திறக்கப்பட்டது. கோயில் விமானங்களைப் போல அடுக்கடுக்காக எழும் கூரையும், நடுமுற்றத்தைச் சூழ்ந்த நான்கு கூடங்களும் உடைய அக்கட்டடம் இன்றும் நகரின் அழகிய கட்டடங்களுள் ஒன்று. ஆனால் மரபைத் தூய்மையாக வைத்திருக்க வேண்டும் என்னும் குரோலியேயின் கண்டிப்பு, உள்ளூர்க் கலைஞர்களைப் புதியன முயலவிடாமல் நெடுங்காலம் கட்டிப்போட்டது என்பதையும் மறக்கலாகாது. இரண்டாம் உலகப்போரின் இறுதியில் சப்பானியப் படையினரின் பிடியில் 1945-இல் அவர் உயிரிழந்தார்.

ஆடலுக்குப் புத்துயிர் ஊட்டியவர் அரண்மனைக்குள்ளேயே இருந்தார். மன்னர் சிகானுக்கின் தாயாரான அரசி கொசாமாக், நீண்ட ஆட்டங்களைச் சுருக்கி, அதுவரை பெண்களே ஆடிவந்த குரங்குப் பாத்திரங்களுக்கு ஆண்களைக் கொண்டுவந்து, அங்கோர்ச் சிற்பங்களைப் பின்பற்றி அப்சரா நடனத்தை உருவாக்கினார். உலகெங்கும் கம்போடியாவின் அடையாளமாகக் காட்டப்படும் அந்நடனம் பழங்காலத்தது என்று பலர் கருதினாலும், அது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு பெண்மணியின் கற்பனையில் பிறந்தது. அதன் முதன்மை ஆட்டக்காரியாகப் புகழ்பெற்றவர் அவருடைய பேத்தியான இளவரசி புப்பா தேவி. 1953-இல் நாடு விடுதலை பெற்றபின், கட்டடக் கலைஞர் வான் மொலிவான் விடுதலை நினைவுச் சின்னம், சக்தோமுக் மண்டபம், சுராமரித் தேசிய அரங்கு முதலியவற்றை எழுப்பினார். 1965-இல் அமைந்த நுண்கலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரும் அவரே. வானொலியில் சின் சிசாமுத், ரோஸ் செரெய் சொத்தியா ஆகியோரின் பாடல்கள் மின்கிதாரோடும் உள்ளூர் மெட்டோடும் கலந்து ஒலித்தன. திரையரங்குகளில் 1960 முதல் 1975 வரை ஏறத்தாழ 400 கெமர்த் திரைப்படங்கள் ஓடின.

1970 மார்ச்சில் சிகானுக்கின் பதவி பறிக்கப்பட்டு, அதே ஆண்டு அக்டோபரில் முடியாட்சியும் ஒழிக்கப்பட்டபோது, அரண்மனை ஆடல் அரசப் பெயரை இழந்து பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொடர்ந்தது. நாட்டுப்புறங்களில் நடந்த உள்நாட்டுப் போரும் அமெரிக்கக் குண்டுவீச்சும் மக்களை நகரத்துக்குள் விரட்ட, அங்கே ஏறத்தாழ 20 இலட்சம் பேர் நெருக்கிக்கொண்டு வாழ்ந்தனர். 1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் படை நுழைந்து, மருத்துவமனை நோயாளிகள் உட்பட அனைவரையும் சில நாட்களில் வெளியேற்றியது.

கலைஞர்கள் கொல்லப்பட்டதற்கு அவர்கள் கலைஞர்கள் என்பது மட்டுமே காரணம் அன்று. அரண்மனைத் தொடர்பு, நகரவாழ்வு, கல்வி, வெளிநாட்டுப் பயணம் ஆகிய ஒவ்வொன்றும் குற்றமாக எண்ணப்பட்ட ஆட்சியில், இவை அனைத்தும் ஒருங்கே அமைந்தவர்கள் ஆடல் மகளிரும் இசைஞர்களும் நடிகர்களும். பலரைப் பட்டினியும் நோயும் கொடும் உழைப்பும் கொன்றன. பலர் அடையாளம் காணப்பட்டுக் கொல்லப்பட்டனர். பத்தில் ஒன்பது கலைஞர்கள் மாண்டனர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அது எண்ணிப் பார்த்துப் பெற்ற தொகை அன்று என்றாலும், பின்னர்த் திரும்பி வந்தவர்களின் சிறு தொகையைப் பார்க்கும்போது மிகைபோலத் தோன்றவில்லை. கலையே வேண்டாம் என்று அவ்வாட்சி கருதியதில்லை. கறுப்புடை அணிந்த சிறுவர்களைக் கொண்டு புரட்சிப் பாடல்களையும் நடனங்களையும் அது நடத்தியது. பிற்காலத்தில் மரபிசையைக் காக்க அமைப்பு கண்ட ஆர்ன் சோர்ன்-பொன்ட், சிறுவனாக இருந்தபோது அத்தகைய பாடல்களுக்குக் குழல் வாசித்தே உயிர் பிழைத்தவர்.

கொடுமையின் தலைவனுக்கும் ஆடலுக்கும் இடையே ஒரு குடும்ப உறவும் இருந்தது. பிற்காலத்தில் போல் பாட் எனப் பெயர் பூண்ட சலோத் சார், சிறுவனாக 1930-களில் புனோம் பென்னுக்கு வந்து, அரண்மனையில் வேலை பார்த்த தன் அண்ணன் லோத் சுவோங்கின் வீட்டில் வளர்ந்தான். உறவுப் பெண்ணான மெயாக் என்பவர் ஆடல் மகளாக இருந்து மன்னர் மொனிவோங்கின் துணைவியானவர். அண்ணன் மணந்துகொண்ட சியா சாமியும் சிறுவயதிலேயே அரண்மனையில் சேர்ந்து பயின்ற ஆடற்கலைஞர். தம்பியைத் தம் பிள்ளைபோல் பேணிய அண்ணனும் அண்ணியும் 1975-இல் மற்ற எல்லாரையும்போல் நகரைவிட்டு விரட்டப்பட்டு வயலில் உழைத்தனர்; நாட்டை ஆளும் போல் பாட் யார் என்பதையே, பொது உணவுக்கூடத்தில் மாட்டப்பட்ட படத்தைப் பார்த்துத்தான் குடும்பத்தார் அறிந்தனர்.

வெறுமையான நகரத்தில் இயங்கிய சில இடங்களுள் ஒன்று எஸ்-21 என்னும் குறியீட்டுப் பெயருடைய துவோல் சிலெங் சிறை. முன்னாள் கணித ஆசிரியரான டூக் என்னும் காங் கெக் இயூ அதன் தலைவர். மஞ்சளும் வெள்ளையும் கலந்த தரை ஓடு பதித்த வகுப்பறைகளில் இரும்புக் கட்டில்கள் போடப்பட்டன; வேறு அறைகள் செங்கல் சுவர்களால் ஆள் படுக்கும் அளவுக்குத் தடுக்கப்பட்டன; கைதிகள் குதித்து உயிர்விடாதபடி ஒரு கட்டடத்தின் முகப்பு முழுவதும் முள்கம்பி பின்னப்பட்டது. 12,000-க்கும் மேற்பட்டோர் அங்கே அடைக்கப்பட்டுப் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர்; உயிரோடு மீண்டவர்கள் மிகச் சிலரே. அவர்களுள் ஒருவரான வான் நாத், பட்டம்பாங் நகரில் திரைப்பட விளம்பரங்கள் வரைந்து பிழைத்தவர். 1978 சனவரி 7 அன்று சிறைக்குக் கொண்டுவரப்பட்ட அவருடைய பெயர் கொலைப் பட்டியலில் ஏறிய பிறகு, ஓவியர் பயன்படுவார், விட்டுவைக்கவும் என்று டூக் எழுதிய குறிப்பு அவரைக் காப்பாற்றியது. போல் பாட்டின் உருவத்தை ஒரு புகைப்படத்தைப் பார்த்துத் திரும்பத் திரும்ப வரைவதே அவருக்கு இடப்பட்ட பணி. அவர் அடைக்கப்பட்ட நாளிலிருந்து சரியாக ஓராண்டு கழித்து, 1979 சனவரி 7 அன்று வியட்நாம் படை புனோம் பென்னுக்குள் நுழைந்தது. காவலர்கள் தப்பியோடும்போது கோப்புகளை அழிக்க நேரம் வாய்க்கவில்லை. 4,000-க்கும் மேற்பட்ட வாக்குமூலங்களும் ஏறத்தாழ 6,000 படங்களும் பிற்காலத்துக்குக் கிடைத்தன. 2009-இல் யுனெசுகோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஆனால் படங்களில் இருப்பவை அடைபடும் கணத்து முகங்கள். வாக்குமூலங்களில் இருப்பவை வதையால் பிழிந்தெடுத்த பொய்கள். உள்ளே நடந்ததைக் கண்ணால் கண்டு காட்டியது வான் நாத்தின் தூரிகை. சிறை அருங்காட்சியகமானபோது அங்கேயே திரும்பிச் சென்று, வரிசையாக விலங்கிடப்பட்டுக் கிடக்கும் உடல்களையும், தாயிடமிருந்து பறிக்கப்படும் குழந்தையையும், நீரில் அமிழ்த்தி வதைக்கும் முறையையும் விளம்பர ஓவியனுக்கே உரிய தெளிவான கோட்டில் அவர் வரைந்தார். அந்த எளிய பாணியே அவற்றின் ஆற்றல். எதையும் அழகுபடுத்தாமல், எதையும் மறைக்காமல் சாட்சி சொல்லும் ஓவியங்கள் அவை. 2009-இல் டூக்கின் வழக்கில் வாய்மொழியாகவும் சாட்சியளித்த வான் நாத் 2011-இல் மறைந்தார்.

ஆடலைத் திரும்பக் கட்டிய பணி இதைவிடக் குறைவாகவே அறியப்பட்டிருக்கிறது. 1979-இல் நகருக்குத் திரும்பியவர்களில் யார் யார் கலைஞர்கள் என்று தேடிச் சேர்த்து, நாடகக் கலைஞரான செங் பொன் முதலியோரின் முயற்சியால் 1981-இல் நுண்கலைப் பள்ளி மீண்டும் திறக்கப்பட்டது. மாணவர்களில் பலர் பெற்றோரை இழந்தவர்கள். ஆசிரியைகளில் முன்னின்றவர் சியா சாமி. அரக்கர் பாத்திரத்துக்குப் பெயர்பெற்ற சோத் சாம் ஓன், பாடலிலும் ஆடலிலும் வல்ல எம் தியாய் ஆகியோரும் உடனிருந்தனர். ஒவ்வொருவரும் சிறுவயதில் ஒரு பாத்திரத்துக்கே பயிற்றுவிக்கப்பட்டவர்கள் ஆதலால், எவரிடமும் முழு நாட்டியம் இல்லை. நாயகியின் அசைவு ஒருவருக்கும், அரக்கனின் அசைவு மற்றொருவருக்கும், பாடலின் சொற்கள் வேறொருவருக்கும் நினைவிருந்தன. இவர்கள் கூடி அமர்ந்து, ஒருவர் பாட மற்றவர் எழுந்து ஆடிப் பார்த்து, மறந்த இடத்தை மூன்றாமவர் நிரப்பி, துண்டு துண்டாகக் கதைகளை மீட்டனர். பட்டினியால் இளைத்து, பல ஆண்டுகள் மண்வெட்டி பிடித்துக் காய்த்த கைகளால் முத்திரையைக் காட்டிக் கொடுத்த அந்தப் பெண்களின் உழைப்பு, இருபதாம் நூற்றாண்டின் கலை வரலாற்றில் எந்த அருங்காட்சியகத்தின் சாதனைக்கும் குறைந்ததன்று. 2003-இல் யுனெசுகோ கம்போடிய அரச நாட்டியத்தை மானுடத்தின் அரும்பெரும் மரபுகளுள் ஒன்றாக அறிவித்தபோது கொண்டாடப்பட்டது அரண்மனையின் பெயர் என்றாலும், அறிவிப்பதற்கு ஒரு கலை எஞ்சியிருந்தது 1981-இன் அந்த வகுப்பறைகளால்தான்.

புதிய அரசு நினைவிடங்களை அமைத்த வேகத்தில் அரசியல் நோக்கமும் இருந்தது. வியட்நாம் படையால் நிறுவப்பட்ட அவ்வாட்சியை ஐ.நா. அவை ஏற்காமல் கெமர் ரூஜ் தரப்புக்கே இருக்கை அளித்து வந்ததால், நடந்த கொடுமையை உலகுக்குக் காட்டுவது ஆட்சியின் நியாயத்தை நிறுவுவதாகவும் ஆயிற்று. சைகோனில் போர்க்குற்ற அருங்காட்சியகம் அமைத்த வியட்நாமியரான மாய் லாம் துவோல் சிலெங்கைக் காட்சிக்கூடமாக்கினார். மண்டையோடுகளால் கம்போடிய வரைபடம் ஒன்றும் அங்கே அமைக்கப்பட்டு 2002 வரை இருந்தது. 1979 ஆகசுடில் போல் பாட்டை அவர் இல்லாமலேயே விசாரித்த நீதிமன்றம் கூடியது, வான் மொலிவான் கலைநிகழ்ச்சிகளுக்கும் மாநாடுகளுக்குமாகக் கட்டிய சக்தோமுக் மண்டபத்தில். நகரிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், சிறைக்கைதிகள் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்ட சோயுங் எக் என்னும் இடத்தில் ஏறத்தாழ 9,000 உடல்களின் எச்சங்கள் தோண்டியெடுக்கப்பட்டன. 1988-இல் எழுந்த கண்ணாடிச் சுவர்த் தூபியில் மண்டையோடுகள் அடுக்கி வைக்கப்பட்டன.

கெமர்ப் பௌத்தர்களின் வழக்கப்படி இறந்தவரை எரியூட்டி, எலும்பை விகாரையில் உள்ள தூபியில் வைப்பார்கள். சடங்கு செய்யப்படாதவர், அதிலும் வன்முறையில் இறந்தவர், அமைதியின்றி அலைவர் என்பது நம்பிக்கை. எனவே சோயுங் எக்கின் எலும்புகளை எரித்து அமைதி தரவேண்டும் என்று சிகானுக் கேட்டார். சான்றை அழிக்கலாகாது என்று அரசு மறுத்தது. இருபக்கத்தின் கவலையும் பொய்யானதன்று. ஆனால் பெயரறியாத மண்டையோட்டைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துப் பார்வையாளர் முன் நிறுத்துவது இறந்தவரின் உறவினருக்கு ஆறுதலாக அமையவில்லை. அவர்கள் தம் துயரை ஆற்றிக்கொள்வது ஆண்டுதோறும் வரும் பிச்சும் பென் நாட்களில்தான். தமிழர் மகாளய பட்சம் என்று முன்னோருக்குத் தர்ப்பணம் செய்யும் அதே தேய்பிறைப் பதினைந்து நாட்களில், கம்போடியர் விடியுமுன் எழுந்து விகாரையைச் சுற்றிவந்து, பசித்து அலையும் ஆவிகளுக்காகச் சோற்றுருண்டைகளை இருளில் வீசுகின்றனர். அரசு நாளான மே 20 வேறு வகையானது: 1980-களில் கெமர் ரூஜின்மீது சினம் கொள்ளும் நாளாகத் தொடங்கி, 2018-இல் நினைவு நாள் எனப் பெயர் மாற்றப்பட்ட அந்நாளில், நுண்கலை மாணவர்கள் கறுப்புடை தரித்துச் சோயுங் எக்கில் கொலைக் காட்சிகளை நடித்துக் காட்டுகின்றனர். அதில் இறந்தோரை நினைப்பதைவிட ஆட்சியாளர் நாட்டை மீட்டதை நினைவூட்டுவதே மேலோங்கிவிடுகிறது. 2015-இல் துவோல் சிலெங் வளாகத்தில் 12,000-க்கும் மேற்பட்ட பெயர்களைக் கருங்கல்லில் பொறித்து எழுப்பிய நினைவகம், எலும்புகளுக்குத் திருப்பித் தர முடியாத பெயரையாவது திருப்பித் தந்தது; அதுவே நகரின் அரசு நினைவிடங்களுள் மிகவும் நேர்மையானது எனலாம்.

பாடலும் படமும் மீண்ட வழி வேறு. சின் சிசாமுத், ரோஸ் செரெய் சொத்தியா இருவருமே கெமர் ரூஜ் காலத்தில் மாண்டனர். அவர்களின் குரல், அகதிகள் எடுத்துச்சென்ற இசைத்தட்டுகளிலிருந்து ஒலிநாடாவாகப் பெயர்க்கப்பட்டு வெளிநாடுகளிலிருந்து நகருக்குத் திரும்பியது. திரைப்படங்களில் ஏறத்தாழ 30 மட்டுமே எஞ்சின. குடும்பத்தாரில் பலரை இழந்து பிரான்சில் வளர்ந்த இயக்குநர் ரித்தி பான், 2006-இல் புனோம் பென்னில் போப்பானா ஒலி-ஒளி ஆவண நடுவத்தை நிறுவி, உலகெங்கும் சிதறிய கம்போடியப் படச்சுருள்களைத் தேடித் தொகுத்தார். கணவருக்கு எழுதிய காதல் கடிதங்களுக்காகச் சிறைப்பட்டு 1977-இல் எஸ்-21-இல் கொல்லப்பட்ட போப்பானா என்னும் இளம்பெண்ணின் பெயரே நடுவத்துக்கு இடப்பட்டது.

அமைதிக் காலமும் கலைக்கு முற்றிலும் பரிவு காட்டவில்லை. கெமர் ரூஜ் காலத்தைத் தாண்டி நின்ற சுராமரித் அரங்கு, 1994-இல் பழுதுபார்ப்புப் பணியின்போது தீப்பற்றியது; கூரையற்ற மேடையில் கலைஞர்கள் ஆண்டுக்கணக்கில் ஒத்திகை பார்த்துவந்தும், அது சீர்செய்யப்படாமல் 2008-இல் இடிக்கப்பட்டது. 1979-க்குப் பின் கலைஞர்கள் பலருக்குக் குடியிருப்பாக அளிக்கப்பட்ட வெள்ளைக் கட்டடம் என்னும் 1963-ஆம் ஆண்டு அடுக்குமாடி 2017-இல் தரைமட்டமாக்கப்பட்டது. அங்கே வளர்ந்த இயக்குநர் காவிச் நியாங் அதன் இறுதி நாட்களைப் படமாக்கினார். ஒரே படிக்கட்டில் ஆசிரியையும் மாணவியும் இசைஞரும் குடியிருந்த அண்மை அக்கட்டடத்தோடு போயிற்று. எழுத்தில் இல்லாத கலைக்கு அந்த அண்மையே பள்ளி.

2006 முதல் இயங்கிய கெமர் ரூஜ் குற்றங்களுக்கான சிறப்பு நீதிமன்றம், பாதிக்கப்பட்டோருக்குப் பணமாக ஈடு வழங்கும் அதிகாரம் இல்லாதது. கூட்டாக அனைவருக்கும் பயன்படும் திட்டங்களை மட்டுமே அது ஈடாக ஏற்க முடிந்தது. அதன் இரண்டாவது வழக்கில் கட்டாய மணம் குற்றமாக விசாரிக்கப்பட்டது. கெமர்த் திருமணத்தில் பெற்றோரின் வாழ்த்தோடு கமுகம்பூ இடம்பெறும். கெமர் ரூஜ் ஆட்சியிலோ அறிமுகமே இல்லாத ஆணும் பெண்ணும் கறுப்புடையில் கூட்டமாக நிறுத்தப்பட்டு, பெற்றோர் இன்றி, கட்சிக்கு உறுதிமொழி சொல்லி இணைக்கப்பட்டனர். சிறைக்குக் கிடைத்ததுபோன்ற கோப்புகள் இதற்குக் கிடைக்கவில்லை. நாற்பது ஆண்டுகள் வாய்மூடி இருந்தவர்களின் வாய்மொழியையே நீதிமன்றம் பெரிதும் நம்ப வேண்டியிருந்தது. அவர்களின் கதைகளைக் கேட்டுத் தொகுத்து, ஆட்சியின் கீழ் கமுகம்பூ என்னும் பொருள்படப் பெயரிட்ட நாட்டியத்தை 2017-இல் மேடையேற்றியவர் சோபிலின் சியாம் ஷப்பிரோ. 1981-இல் திறந்த பள்ளியில் சியா சாமியிடமும் சோத் சாம் ஓனிடமும் பயின்ற முதல் தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். அரக்கரையும் தேவ மகளிரையும் ஆடுவதற்கென அரண்மனையில் வகுக்கப்பட்ட முத்திரைகளைக்கொண்டு, வயல்வெளியில் கைகோத்து நிறுத்தப்பட்ட மணமக்களை அவர் ஆடவைத்தபோது, வழக்கில் பாதிக்கப்பட்டோர் தரப்பாகச் சேர்ந்திருந்த முதியோர் அவையில் அமர்ந்து பார்த்தனர். 2018 நவம்பர் 16 அன்று கெமர் ரூஜ் தலைவர்களான நுவோன் சியாவும் கியூ சம்பானும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்த நீதிமன்றம், ஏற்றுக்கொண்ட ஈடுகளின் வரிசையில் அந்நாட்டியத்தையும் சேர்த்தது.